கதவடியில் இருந்த பை

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவாக வரும் இந்த மலருக்கு உறவினரும் நண்பர்களும் அனுப்பிய குறிப்புகளை ஒன்றுசேர்த்து, எழுத்துப் பிழை பார்த்து, அச்சகத்துக்குக் கொடுத்தவள் நான். அதனால் உங்களுக்கு முன்னரே எனக்கு ஒன்று தெரியும். அநேகமாக எல்லோரும் அம்மாவைப் 'பொறுமையின் உறைவிடம்' என்று எழுதியிருக்கிறார்கள். ரொறன்ரோச் சித்தி எழுதியிருக்கிறார். இலண்டன் மாமா எழுதியிருக்கிறார். அம்மாவை ஒரு கலியாண வீட்டில் மட்டும் கண்டு கதைத்த ஒருவரும் எழுதியிருக்கிறார். பொய்யில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பொறுமையோடு ஒரே வீட்டில் இருந்து, அதோடு சண்டையும் பிடித்தவள் நான். மூத்த பிள்ளை என்ற முறையில் அம்மாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அப்பா என்னிடம் தந்திருக்கிறார். சண்டையை விட்டுவிட்டு எழுத எனக்குத் தெரியாது. பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அம்மா வடமராட்சியில், உடுப்பிட்டியில் பிறந்தவர். சகோதரங்களுக்கு மூத்தவர். அவருடைய தந்தையார் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தார். அம்மா படிப்பில் கெட்டிக்காரி என்று சித்தி இன்றைக்கும் சொல்வார். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி சற்றுப் போதாமல் போனபோது, இன்னொரு தரம் எழுதும்படி ஆசிரியர்கள் வற்புறுத்தினார்களாம். தங்கைமார் படிக்க வேண்டும் என்று அம்மா தையல் பழகப் போய்விட்டார். பின்னர் அப்பாவைத் திருமணம் செய்து அவருடைய ஊருக்குப் போனார். நானும் தம்பியும் பிறந்தோம். தம்பி பால்குடி மறக்க முன்னரே அப்பா கனடாவுக்குப் புறப்பட்டார். 'கெதியிலை கூப்பிடுறன்' என்று சொல்லிவிட்டுப் போனவர் எங்களைக் கூப்பிட்டு முடிக்க, நான் பெரிய பிள்ளையாகிவிட்டேன். அதுவரை அப்பாவின் கடிதம், விசா, பேருந்து, மின்சாரம், மா, மண்ணெண்ணெய் எதைப் பற்றிக் கேட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "வரும்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பை இல்லாத வீடு கிடையாது. எறிகணைச் செல் விழத் தொடங்கினால் எடுத்துக்கொண்டு ஓடுவதற்காகக் கதவடியில் எப்போதும் ஒரு பை கட்டி வைத்திருப்போம். அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், நகை, மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி, பனடோல், மரி பிஸ்கற், திருநீற்றுச் சிரட்டை, துணி காயப்போடும் கொடிக்கயிறு எல்லாம் இருக்கும். போகிற இடத்தில் சோறு யாராவது தருவார்கள், கயிறு ஒருவரும் தரமாட்டார்கள் என்பது அம்மாவின் அனுபவம். குடாநாடே வீதியில் இறங்கி நடந்த அந்த இடப்பெயர்வில், அம்மா பையைத் தோளில் போட்டு, தம்பியை இடுப்பில் வைத்து நடந்தார். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்னுடைய வேலை. "வாரை விட்டால் உன்னை விட்டிடுவன், கவனம்" என்று வெருட்டிக்கொண்டு வந்தார். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அம்மாவுக்கு அப்போது இன்றைய என்னைவிட வயது குறைவு.

மொன்றியலுக்கு வந்து முதலில் பார்க் எக்ஸ்ரென்சனில் ஒற்றை அறையில் இருந்தோம். பிறகு வில்லரேயில் இரண்டாம் மாடி வீடு. வெளியே இரும்புப் படி ஏறிப் போகும் வீடுதான், நீங்கள் எல்லோரும் மாரிப் பனியில் வழுக்கி வழுக்கி ஏறி வந்து அம்மாவின் வடையைச் சாப்பிட்ட அதே வீடு. அப்பா உணவகச் சமையலறையில் நின்றார். அம்மா தையல் தொழிற்சாலையில் இருந்தார். குளிர்கால மேலங்கிகளுக்குக் கை பொருத்துவது அவருடைய வேலை. பிரெஞ்சு வகுப்புக்குப் போய் 'போன்ஜூர்', 'மெர்சி' தாண்டியும் கொஞ்சம் பழகிக்கொண்டார். ஆனால் அதைக் கதைத்துக் காட்டமாட்டார், நாங்கள் சிரிப்போம் என்று.

சீனி வருத்தமும் பிரஷரும் அம்மாவுக்கு நெடுநாளாக இருந்தன. எங்கள் சனத்தில் யாருக்குத்தான் இல்லை. அவை சத்தமில்லாமல் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது கடைசியில்தான் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ் என்று ஆனது. இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தப்படுத்தி மறுபடி உள்ளே விடும் இயந்திரம். அதற்காக இடது கையில் நரம்பைத் தைத்து விட்டிருந்தார்கள். தொட்டால் உள்ளே இரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் கையை நீட்டி, "தொட்டுப் பாருங்கோ, என்ரை பழைய தையல் மிசின் இதுக்குள்ளைதான் கிடக்கு" என்பார். அந்தக் கையில் காப்புப் போடக்கூடாது என்றதும் எல்லாக் காப்பையும் வலது கைக்கு மாற்றினார். தண்ணீரை அளந்து குடித்தார். உருளைக்கிழங்கில் உள்ள பொட்டாசியம் போகவென்று அதை வெட்டி ஊறவைத்து, அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அவித்தார். டயலிசிஸ் முடிந்து வந்தால் பிழிந்து போட்ட துணிதான். சோபாவில் சாய்ந்து கிடந்து, எங்களில் ஒருவர் எட்டிப் பார்த்தால் மட்டும் சிரிப்பார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்தார்கள். இறந்துபோகும் ஒருவருடையது பொருந்தி வந்தால் எந்த நேரமும் தொலைபேசி அடிக்கலாம், உடனே வரவேண்டும், அதற்கு ஒரு பை ஆயத்தமாக இருக்கட்டும் என்று தாதி சொன்னார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மாவின் முகத்தில் அன்று வந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

"பை கட்ட எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லு."

செருப்பு, பல்துலக்கி, மருந்துகள், தொளதொள உடுப்பு என்றுதான் வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். அம்மா கட்டி வைத்த பையை நான் திறந்து பார்த்தேன். காணி உறுதி இருந்தது. எங்கள் இருவரின் பரீட்சைச் சான்றிதழ்கள் இருந்தன. மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி, மரி பிஸ்கற், கொடிக்கயிறு. செருப்பும் இல்லை, மருந்தும் இல்லை.

"அம்மா, ஆஸ்பத்திரியிலை கரண்ட் இருக்கும். மெழுகுதிரி என்னத்துக்கு?"

"எல்லா இடத்திலையும் கரண்ட் இருந்ததுதான். பேந்துதான் இல்லாமல் போனது."

"கயிறு?"

"அது இருக்கட்டும்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அப்பாவும் சிரித்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சீலை இருந்தது. மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. தம்பியின் முதல் சம்பளத்தில் வாங்கியது, ஒரு தரமும் கட்டாதது. சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் ஆசையாய்ச் சீலை கட்டிக்கொண்டு போகப் போகிறாரோ என்று கேட்டேன். "போகேக்கை எதையும் கட்டலாம்" என்றார் அம்மா. "அது சுகமாகி வீட்டை வரேக்கை கட்டுறதுக்கு."

சண்டை என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் வருகிறது. அம்மாவுக்கு நான் என் சிறுநீரகத்தைத் தர விரும்பினேன். உயிரோடு இருப்பவரும் ஒன்றைத் தரலாம், ஒன்றோடு நன்றாக வாழலாம் என்று மருத்துவர்கள் விளக்கியிருந்தார்கள். தம்பிக்கு இளவயதிலேயே பிரஷர் இருந்ததால் அவனை எடுக்கவில்லை. அப்பாவின் இரத்தம் சேரவில்லை. என்னுடையது எல்லாச் சோதனையிலும் பொருந்தியது. நான் துள்ளிக் குதிக்காத குறையாக வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்படியில் உருளைக்கிழங்குத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

"ஆர் உன்னைச் சோதிக்கச் சொன்னது?"

"பொருந்துது அம்மா!"

"பொருந்தட்டும். எனக்கு வேண்டாம்."

"ஏன்?"

"நீ இன்னும் கலியாணம் கட்டேல்லை. பிள்ளை பெறேல்லை. நாளைக்கு உனக்கு ஒண்டெண்டால் நான் திருப்பித் தர ஏலுமோ?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன், படித்துக் காட்டினேன், கத்தினேன், அழுதேன். அம்மா உருளைக்கிழங்கை மறுபடி அடுப்பில் வைத்தார். "எனக்கு வேறை வரும்" என்றார். அப்பாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். அப்பா வழக்கம்போல் நிலத்தைப் பார்த்தார்.

மருத்துவரிடம் அழைத்துப் போனால் மனம் மாறுவார் என்று நினைத்தேன். அங்கே அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான். மருத்துவர் பிரெஞ்சில் கேட்பதை நான் தமிழில் சொல்ல, அம்மா தமிழில் சொல்வதை நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். மகளின் சிறுநீரகத்தை ஏற்கச் சம்மதமா என்று அவர் கேட்டார். "என்ரை பிள்ளையின்ரை எனக்கு வேண்டாம். வேறை வருமட்டும் இருக்கிறன் எண்டு சொல்லு" என்றார் அம்மா. என் வாயால் அதைச் சொல்ல வேண்டும். அம்மா இன்னும் யோசிக்கிறார் என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னேன். அம்மா என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாங்கள் சிரிப்போம் என்று அத்தனை காலமும் பொத்தி வைத்திருந்த பிரெஞ்சை எடுத்தார். "மா ஃபிய், நோன்" என்று மருத்துவரிடம் நேராகவே சொன்னார். 'என் மகளுடையது வேண்டாம்' என்பதற்கு அது போதும். அன்று நான் சிரிக்கவில்லை.

அதன் பிறகு காத்திருப்புத்தான். பொறுமை என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தொலைபேசி அடித்தால் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். காப்புறுதி விற்பவராக இருக்கும், அல்லது ரொறன்ரோச் சித்தியாக இருக்கும். சித்தி மன்னிக்க வேண்டும், உங்கள் குரலைக் கேட்டு நாங்கள் ஏமாந்த தடவைகள் அதிகம். அம்மா மட்டும் ஏமாந்ததாகக் காட்டமாட்டார். "இண்டைக்கில்லை" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அழைப்பு ஒரு நாள் வரவும் செய்தது. கந்தசஷ்டியின் கடைசி நாள். விரதம் பிடிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாலும் வாழைப்பழமும் அவருக்கு நஞ்சு. ஆனால் முருகனோடு அம்மாவுக்குத் தனிக் கணக்கு. பாலையும் பழத்தையும் விட்டுவிட்டு ஒரு நேரச் சோறு என்று தானே ஒரு முறை வகுத்து, நாங்கள் திட்டத் திட்டப் பிடித்தார். அன்று பின்னேரம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோக் கோயிலில் சூரன் போர். அம்மா குளித்து ஆயத்தமாகி நின்றார். அப்பா கீழே காரில் விழுந்திருந்த முதற்பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசியை எடுத்த அம்மா, "இந்தா, பிரெஞ்சிலை ஆரோ" என்று என்னிடம் நீட்டினார்.

ஒன்றும் சாப்பிடாமல், குடிக்காமல் உடனே வரச் சொன்னார்கள். நான் சொன்னதும் அம்மா கதிரையில் இருந்துவிட்டார். ஏன் தாமதம் என்று கேட்க அப்பா பனித் தூரிகையோடு மேலே வந்தார்.

"இஞ்சருங்கோ," என்றார் அம்மா. "கோயிலுக்கில்லை."

அப்பா தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். பையைத் தாருங்கள் என்று நான் கேட்டேன், அம்மா தரவில்லை. அவர் பையைத் தோளில் போட, நான் வாரைப் பிடித்துக்கொண்டு அந்த இரும்புப் படியில் இறங்கினேன்.

வைத்தியசாலையில் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று தாதி கேட்டார். நேற்று மத்தியானம் என்று நான் சொல்ல, அவர் மிக நல்லது என்றார். அம்மா என்னை வென்றுவிட்ட பார்வை பார்த்தார். "பாத்தியோ, விரதம் விரதம் எண்டு கத்தினியள்." இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒட்டாவாவில் வேலை பார்க்கும் தம்பி அங்கிருந்து புறப்பட்டுவிட்டான். அப்பா கந்தசஷ்டி கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பையை மடியில் வைத்திருந்தார். ஊரில் அகதி முகாமில் பெயர் பதியக் காத்திருந்தபோதும் இப்படித்தான் இருந்தார்.

மருத்துவர் வந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஒரு சிறுநீரகத்துக்கு இருவரை அழைப்பார்களாம். முதலாமவருக்குப் பொருந்தாவிட்டால் இரண்டாமவருக்கு. அம்மா இரண்டாமவர். முதலாமவருக்குப் பொருந்திவிட்டது. இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"அவருக்குச் சரியா வந்திட்டுதாமோ?"

"ஓம்."

"ஆம்பிளையோ, பொம்பிளையோ? பிள்ளையள் இருக்கோ?"

அதைச் சொல்ல அனுமதியில்லை என்றார் மருத்துவர்.

"சரி. நல்லாயிருக்கட்டும்" என்று சொல்லி அம்மா எழுந்தார். "வாங்கோ, வீட்டை போவம். நாளைக்குப் பாறணை எல்லோ, மரக்கறி வேண்டவேணும்."

காரில் நான் வெடித்துவிட்டேன். என்னுடையதை எடுத்திருந்தால் இப்படித் திரும்பி வரத் தேவையில்லை, மற்றவருக்குக் கிடைத்ததற்கு இவருக்கு என்ன சந்தோஷம் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வராத ஒண்டெண்டால் ஒருத்தருக்கும் வராது பிள்ளை. இண்டைக்கு ஒராளுக்கு வந்திருக்கு. அப்ப அது வாறதுதானே."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் வழக்கம்போல் எங்கள் எல்லோர் பெயரிலும் அர்ச்சனை செய்த பின்னர், அம்மா இன்னொரு தட்டை நீட்டினார். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"தெரியாது ஐயா. ஆஸ்பத்திரியிலை ஒராள். சிறுநீரகம் மாத்தினவர்."

"அப்ப சுவாமியின்ரை பேரிலை செய்து விடுறன் அம்மா."

"சுவாமிக்கு ஒரு வருத்தமும் இல்லை ஐயா. அந்த ஆளுக்கெண்டே சொல்லுங்கோ."

ஐயர் கொஞ்சம் திகைத்தார். பிறகு பெயரறியாத ஒருவர் என்று சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். பின்பு அது வழக்கமாகிவிட்டது. ஐயரும் அந்த ஆளின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டார். எங்கள் பெயர்களைச் சொல்லி முடித்ததும் தானாகவே அந்த ஆளையும் சேர்த்துக்கொள்வார். எனக்கு ஒவ்வொரு தடவையும் மனம் குமுறும். வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மரங்களில் எல்லாம் பனிக்கட்டி பூசி, கொப்புகள் முறிந்து விழுந்து, நகரத்தின் பாதிக்கு மின்சாரம் போன அந்தச் சித்திரை மாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அம்மா நிதானமாகக் கதவடிக்குப் போனார், பையைத் திறந்தார், மெழுகுதிரியை எடுத்தார். என் முன்னால் வைத்துக் கொளுத்தினார். கீழ் வீட்டு மட்டக்களப்பு அன்ரி வெளிச்சத்தைக் கண்டு மேலே வந்து, "இந்த மெழுகுதிரி எங்கால மகள் உங்களுக்கு?" என்று கேட்டபோது அம்மா என்னைக் காட்டிச் சிரித்தார். மின்சாரம் வந்ததும் புது மெழுகுதிரி ஒன்று பைக்குள் போனது.

அந்தக் கோடையில்தான் அம்மாவின் இருதயம் பலவீனமாகத் தொடங்கியது. டயலிசிஸ் நீண்டால் அப்படி வரும் என்றார்கள். இனிச் சத்திரசிகிச்சையை உடம்பு தாங்காது, அதனால் காத்திருப்போர் பட்டியலில் இருந்து பெயரை எடுக்கிறோம் என்று மருத்துவர் சொன்னபோது, மொழிபெயர்க்க எனக்கு நா எழவில்லை. அவரே மெதுவாக, சின்னச் சின்னப் பிரெஞ்சு வசனங்களில் அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மாவுக்கு விளங்கியது. "மெர்சி, டொக்டர்" என்றார். இனி என்னுடையதையும் தர முடியாது என்பது எனக்கும் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பையைத் தூக்கியது. உள்ளே கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே வைக்கலாம் என்று நினைத்தேன். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா சோபாவில் இருந்தபடியே, "வை" என்றார்.

"இனி என்னத்துக்கு அம்மா? இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டினம்."

"தெரியும்."

"பேந்து?"

"கதவடியிலை கிடந்தால்தான் எனக்கு நித்திரை வரும். வை பிள்ளை."

வைத்தேன். இதைப் பொறுமை என்பதா, நம்பிக்கை என்பதா, பழக்கம் என்பதா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. பை அங்கே கிடந்தது. அம்மா படுத்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியும். மாரி முழுவதும் படியில் இறங்கி ஏறுவது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. டயலிசிஸ் நாட்களில் தம்பியும் நானும் மாறி மாறி வேலைக்கு லீவு போட்டோம். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, "வாறன், வாறன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறுவார். கோயிலுக்குப் போக இயலாமல் போன பின்னர், தட்டைக் கொடுத்து அப்பாவை அனுப்பினார். "அந்த ஆளையும் மறந்திடாதேங்கோ" என்று படிவாசல் வரைக்கும் சொல்லி அனுப்புவார்.

பங்குனி மாதத்தில், பனி கரைந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலையில், அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அம்புலன்ஸ்காரர் கதிரையில் வைத்துக் கட்டி அந்த இரும்புப் படியால் இறக்கினார்கள். நான் பின்னால் ஓடினேன். அப்பா கடைசியாக வந்தார், தோளில் அந்தப் பையோடு. இத்தனை காலத்தில் அப்பா அதைத் தொட்டு நான் கண்டதில்லை. வைத்தியசாலைக் கட்டிலின் கால்மாட்டில் அதை வைத்தார். அம்மா கண்ணைத் திறந்து பார்த்து, "கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டார். "ஓம்" என்றார் அப்பா. அம்மாவின் முகம் தெளிந்தது. சில நாட்களில், நாங்கள் மூவரும் பக்கத்தில் இருக்க, எங்களை விட்டுப் போனார். வரும் வரும் என்று இருந்தது வரவேயில்லை. இதை எந்த அலங்காரச் சொல்லாலும் மூடி எழுத எனக்கு மனமில்லை.

கணவர் இருக்க மனைவி போனால் கலியாணக் கூறைச் சீலை உடுத்தி அனுப்புவது எங்கள் வழக்கம். அம்மாவின் கூறை ஊரில், இடப்பெயர்வில் போய்விட்டது. ரொறன்ரோச் சித்தி சிவப்பில் புதிதாய் ஒன்று வாங்கி வந்திருந்தார். அக்காவை மங்கலமாக அனுப்ப வேண்டும் என்ற அவருடைய ஆசையில் பிழையே இல்லை. உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் உடுத்துவதற்காக உடுப்புக் கொடுக்க வேண்டிய நேரம் வந்தபோது, அப்பா பையைத் திறந்தார். உறுதி, சான்றிதழ், மெழுகுதிரி, கயிறு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கதிரையில் வைத்தார். அடியில் இருந்த மாம்பழ மஞ்சள் சீலையை எடுத்து நீட்டினார்.

"அத்தான், மஞ்சள் கூறையாகாது" என்றார் சித்தி. "சனம் என்ன சொல்லும்?"

அப்பா அதிகம் கதைக்காதவர் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று நிமிர்ந்து நின்று கதைத்தார்.

"சனம் சொல்லட்டும். வீட்டை வரேக்கை கட்டுறதெண்டு அவ வச்சிருந்தது. கட்டி விடுங்கோ."

சித்தி அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு அவரே உள்ளே போய், மடிப்புப் பிசகாமல் அக்காவுக்கு அந்தச் சீலையை உடுத்திவிட்டார். அந்தச் சிவப்புக் கூறையை மேலால் போர்த்தினார். மஞ்சள் சீலையோடு அம்மாவைக் கண்டு முகம் சுளித்த ஓரிருவர் இந்த மலரை வாசிக்கக்கூடும். காரணம் இதுதான்.

அம்மா வேண்டாம் என்ற சிறுநீரகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டும் நன்றாக வேலை செய்கின்றன. நான் இன்னும் கலியாணம் கட்டவும் இல்லை. இதை வாசித்துவிட்டுச் சாதகக் குறிப்போடு வரப்போகும் மாமிமார் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அம்மா மீது எனக்கு இருந்த கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது அம்மாவுக்கே பொய்யென்று தெரியும். ஆனால் இந்த முப்பத்தொரு நாளும், காலையில் எழுந்ததும் என் இடுப்பில் கை வைத்துப் பார்க்கிறேன். எனக்கென்று அவர் விட்டுப் போனது அது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அம்மாவின் கையை நோகாமல் குத்தப் பழகிக்கொண்ட தாதியருக்கு, உண்மையைக் கையைப் பிடித்துச் சொன்ன மருத்துவருக்கு, நாங்கள் கேளாமலே மாரி முழுவதும் பனி உருக எங்கள் படிக்கு உப்புப் போட்ட மட்டக்களப்பு அன்ரிக்கு, சாவீட்டு நாட்களில் அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறும் கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டு மணியை அடிக்காமல் திரும்பிப் போனவர்களுக்கு, ரொறன்ரோவிலிருந்தும் ஒட்டாவாவிலிருந்தும் சேறும் மழையும் பாராமல் வந்து நின்றவர்களுக்கு, கிரியைகளை நிறைவாக நடத்தித் தந்த ஐயருக்கு, உடுத்திவிட்ட சித்திக்கு. உங்கள் ஒவ்வொருவர் முன்னும் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். இந்த மலர் அவர் கைக்குப் போகாது. போனாலும் அநேகமாகத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தச் சூரன் போர் நாளில் சிறுநீரகத்துக்கான வரிசையில் அம்மாவுக்கு முன்னால் நின்றவர். இத்தனை காலமும் அவரை நான் நல்லபடி நினைத்ததில்லை.

இன்றோடு எங்களுக்குச் சாவீட்டுத் துடக்குக் கழிகிறது, இனிக் கோயிலுக்குப் போகலாம். வருகிற வெள்ளிக்கிழமை அம்மாவின் தட்டை எடுத்துக்கொண்டு நான் கோயிலுக்குப் போவேன். ஐயர் பெயர் கேட்பார். அப்பாவின் பெயரைச் சொல்வேன், தம்பியின் பெயரைச் சொல்வேன். அடுத்ததாக அம்மாவின் பெயர் வாய் வரைக்கும் வரும். விழுங்கிக்கொள்ள வேண்டும். போனவர்களுக்கு அர்ச்சனை இல்லை. பிறகு, அந்தப் பெயர் தெரியாத ஆளையும் மறந்துவிட வேண்டாம் என்று ஐயருக்குச் சொல்வேன். அவர் இருக்கிறார்.

அன்பு மகள்